விளக்கை எரியவிட்டு அளந்தவர்

என் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரின் இடது ஹெட்லைட் இரண்டு மாதம் எனக்குத் தண்ணி காட்டியது. கிளம்பும்போது நன்றாக எரியும். இருபது நிமிடம் ஓடினால் அணைந்துவிடும். நிறுத்தி, பானெட்டைத் திறந்து, விளக்கின் பின்னால் கை வைத்ததும் மறுபடி எரியும். பகலில் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் காட்டாது. "நல்லாத்தானே எரியுது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடைசியில் சிரியத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக்தான் கோளாறைக் கண்டுபிடித்துத் தீர்த்தார்.

ரங்கூனிலிருந்து சிரியம், கியவுக்தான் பக்கத்துக் கடைகளுக்குப் பருப்பும் மசாலாவும் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. திரும்பும்போது இருட்டிவிடும். பாதி நாள் கரண்டும் இருக்காது, தெருவிளக்கை நம்ப முடியாது. இந்த நாட்டில் 1970இல் வண்டிகளை வலப்பக்கம் ஓட்டச் சொல்லி மாற்றினார்கள். ஆனால் ரோட்டில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை, என் காரைப் போல ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ளவை. எதிரே வருகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது என் இடது விளக்குதான். அது அணைந்துவிட்டால் வலது விளக்கு மட்டும் தெரியும். யாரோ ஓரமாக மோட்டார் சைக்கிளில் வருகிறார் என்று நினைத்து நடுரோட்டிலேயே வருவார்கள். ஆடி மாத மழையில் ஒரு லாரி அப்படித்தான் வந்தது. மனைவியும் சின்ன மகளும் காரில் இருந்தார்கள். மண்ணில் இறக்கித் தப்பித்தேன். அன்றோடு இதைச் சரி செய்யாமல் ராத்திரி வண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்பே ஒரு கடையில் இரண்டு பல்பும் ஒரு ரிலேயும் மாற்றியிருந்தார்கள். மூன்றுக்கும் பணம் கொடுத்தேன், கோளாறு போகவில்லை.

பீலிக்கான் கோயிலுக்கு வேன் ஓட்டும் ஒருவர்தான் சிரியத்தில் இருக்கும் இந்த மெக்கானிக் அண்ணனைப் பற்றிச் சொன்னார். மார்க்கெட்டைத் தாண்டி கியவுக்தான் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பழைய பேட்டரிகள் அடுக்கியிருக்கும். அவர் நம்ம தமிழ் ஆள், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கூட வேலை செய்யும் பர்மியப் பையன் அவரை "சயா" (வாத்தியார்) என்றுதான் கூப்பிடுகிறான்.

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் கேள்விதான். "தம்பி, டிம், பிரைட் ரெண்டும் சேர்ந்து போகுதா, ஒண்ணு மட்டும் போகுதா?" இரண்டும்தான் என்றேன். "எவ்வளவு நேரம் ஓடின பிறகு? பள்ளத்துல விழுந்தா போகுதா, சும்மா நிக்கும்போதும் போகுதா?" நிற்கும்போதும் போகிறது என்றேன். இந்த விளக்கில் இருப்பது ஹெச்4 வகைப் பல்பு, அதற்கு மூன்று கால். டிம்முக்கு ஒரு இழை, பிரைட்டுக்கு ஒரு இழை, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கால். இரண்டு இழையும் ஒரே நேரத்தில் அறுந்து, தொட்டதும் ஒட்டிக்கொள்ளாது, அதனால் பொதுக் கால் போகிற வழியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். இருந்தாலும் இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாற்றிப் போட்டார். கோளாறு பல்போடு போகிறதா, பக்கத்திலேயே நிற்கிறதா என்று தெரிய வேண்டுமாம்.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, எதுவும் செய்யாமல் உட்கார்ந்தார். இருபத்தைந்து நிமிடம். பையன் டீ வாங்கி வந்தான். கோளாறு தானாக வரட்டும் என்று காத்திருந்த முதல் மெக்கானிக் இவர்தான். சொன்ன மாதிரியே இடது விளக்கு மங்கி, அணைந்தது. பல்பு இடம் மாறியும் இடது பக்கம்தான்.

சாக்கெட்டைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முனையை விட்டு, லேசாக அசைத்து விளக்கை எரியவைத்து, எரியும்போதே அளந்தார். பேட்டரியில் 14.1 வோல்ட், வலது பல்பில் 13.4, இடது பல்பில் 10.9. முந்தைய கடையில் சாக்கெட்டைப் பிடுங்கி அளந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். 14 காட்டியது, வயர் நன்றாக இருக்கிறது என்றார்கள். பல்பு இல்லாவிட்டால் வயரில் கரண்டே ஓடாது, ஓடாதபோது எவ்வளவு மோசமான இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும் என்று இவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

சாக்கெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒரு ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தது, உள்ளே தகடு தளர்ந்து கறுத்திருந்தது. சூடேறினால் பிடி விட்டுவிடும், கை பட்டால் மறுபடி தொட்டுக்கொள்ளும். சூடு இவ்வளவு ஏறக் காரணம் பல்பில் எழுதியிருந்தது: 100/90 வாட். இந்தக் காருக்கு உரியது 60/55. வெளிச்சம் போதவில்லை என்று நான் கேட்டதற்காக அந்தக் கடையில் போட்டுவிட்டது. நாலரை ஆம்பியருக்குச் செய்த சாக்கெட்டில் ஏழரை ஆம்பியர் ஓடினால், இணைப்பில் உண்டாகும் சூடு இரண்டரை மடங்குக்கு மேல்.

பீங்கான் சாக்கெட் அவரிடம் கையிருப்பில் இல்லை, பையன் சைக்கிளில் போய் வாங்கி வர ஒரு மணி நேரமானது. இது ஒரு குறைதான். புது வயரை ஈயம் வைக்காமல் கிரிம்ப் அடித்து (இடுக்கியால் நசுக்கி இணைத்து), மேலே சுருங்கும் ட்யூப் போட்டார். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போய் அதிர்வில் முறியும் என்பது அவர் கணக்கு. இரண்டு பக்கமும் 60/55 பல்பு போட்டு மறுபடி அளந்தார், இடதில் 13.5.

நான் கேட்காமலேயே செய்தது இன்னொன்று. ஜப்பான் விளக்கின் டிம் வெளிச்சம் இடப்பக்கம் சற்று மேலே ஏறும். அங்கே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதற்கு அது சரி. இங்கே அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். இருட்டும் வரை இருக்கச் சொல்லி, பத்து மீட்டர் தள்ளி சுவரில் கோடு போட்டு, வெளிச்சத்தை இறக்கி வைத்தார். முழுசாகத் தீராது, கண் கூசுவது குறையும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

மொத்தம் 38,000 கியாட். இரண்டு பல்பு, சாக்கெட், கூலி எல்லாம் சேர்த்து. ரசீது தரமாட்டார், போனில் நேரம் குறித்தும் கொடுக்கமாட்டார். மதியம் இரண்டு மணிக்குப் போனேன், ஏழரைக்குத்தான் கிளம்பினேன். அவசரக்காரர்களுக்கு ஏற்ற இடமல்ல.

ஐந்து வாரமாகிவிட்டது. மழையிலும் ஓட்டினேன், ஒருமுறைகூட அணையவில்லை. போகிறவர்கள் கோளாறு எந்த நேரத்தில், எவ்வளவு ஓடின பிறகு, மழையிலா வெயிலிலா வருகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான். முன்பு மாட்டிய பல்பின் அட்டைப் பெட்டி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.