நாலு இடம், மூன்று அணி: பால்டர்ஸ் கேட் 3 சண்டைக்கு யாரைக் கூட்டிப்போவது?

கடைசியில் தூக்கிப்போக நாலு பேர் வேண்டும் என்பார்கள். பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டிலும் அதே கணக்குதான். முகாமில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சண்டைக்கு வரும் அணி நம்மையும் சேர்த்து நாலு பேர். ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொருவரை முகாமுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். 2023 ஆகஸ்ட் 3 அன்று லேரியன் ஸ்டுடியோஸ் கணினிக்கு வெளியிட்ட நாளிலிருந்து, எந்த நாலு பேர் என்ற வாக்குவாதம் ஓயவில்லை. நானும் மூன்று விதமான அணிகளோடு ஆடிப் பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் அடி எங்கே விழுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

முதலாவது பாட்டன் காலத்து அணி. முன்னால் ஒரு ஃபைட்டர், குணப்படுத்த ஒரு கிளெரிக், பூட்டுத் திறக்க ஒரு ரோக், பின்னால் நின்று மந்திரம் போட ஒரு விஸார்ட். கேமே இதைத் தட்டில் வைத்து நீட்டுகிறது: லேஸெல், ஷேடோஹார்ட், அஸ்டாரியன், கேல் என நாலு பேரும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடுகிறார்கள். இரண்டாவது, முதல் சுற்றிலேயே எதிரியை முடித்துவிடும் அணி. மூன்றாவது, எதிரியை நகரவிடாமல் கட்டிப்போட்டு நிதானமாக அடிக்கும் அணி.

பழைய அணியில் ஆடுவது சுகம். எந்தக் கதவு வந்தாலும், எந்தப் பொறி வந்தாலும் ஒருவர் இருப்பார். பிரச்சினை என்னவென்றால், அந்த அணி நம்பியிருக்கும் இரண்டு விஷயங்கள் இந்த கேமில் உண்மையில்லை. ஒன்று, குணப்படுத்துபவர். ஐந்தாவது லெவலில் ஹீலிங் வேர்ட் போட்டால் ஒருவருக்கு ஆறேழு புள்ளி உயிர் ஏறும். எதிரியின் ஒரே கோடாலி வீச்சு அதை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். ஆக, சண்டை நடுவே குணப்படுத்திக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. விழுந்தவரை எழுப்ப மட்டும் அது உதவும். அதற்குக்கூட கிளெரிக் வேண்டும் என்றில்லை. மருந்துக் குப்பியைத் தரையில் வீசினால் போதும், தெறிக்கும் இடத்தில் கிடக்கிற எல்லோருக்கும் உயிர் ஏறும். யார் வேண்டுமானாலும் வீசலாம்.

இன்னொன்று ரோக். ஐந்தாவது லெவலில் ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், மங்க் எல்லோருக்கும் ஒரு ஆக்‌ஷனில் இரண்டு அடி கிடைக்கிறது. ரோக்குக்குக் கிடையாது. அதுவரை ஜொலித்த அஸ்டாரியன் அன்றிலிருந்து பின்தங்கத் தொடங்குவான். பூட்டுத் திறக்கவா? கைவேகத் திறமையும் நல்ல டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு) உள்ள எவரும் திறப்பார்கள்.

சரி, அப்படியானால் நாலு இடத்தையும் அடிக்கிறவர்களாலேயே நிரப்பினால் என்ன? அதுதான் இரண்டாவது அணி. முந்தினவன் கை மந்திர வாள் என்ற பழமொழியை இந்த அணி அப்படியே எடுத்துக்கொள்கிறது.

இதன் உயிர்நாடி இனிஷியேட்டிவ். இந்த கேமின் விதிகளுக்கு மூலமான, மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் யார் முதலில் என்று பார்க்க இருபது பக்கப் பகடையை உருட்டுவார்கள். அதிர்ஷ்டம் யாரையும் முன்னால் தள்ளும். லேரியன் அதை நான்கு பக்கப் பகடையாகச் சுருக்கிவிட்டது. விளைவைப் பாருங்கள். டெக்ஸ்டெரிட்டி 10 உள்ள கவசக்கார ஃபைட்டருக்கு 1 முதல் 4 வரைதான் விழும். டெக்ஸ்டெரிட்டி 16 உள்ள எதிரிக்கு 4 முதல் 7 வரை. அதாவது நம் ஆள் நாலைப் போட்டு, எதிரி ஒன்றைப் போட்டால்தான் சமமாகவாவது வர முடியும். மேசையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இங்கே தீர்ப்பே எழுதிவிடுகிறது. அலர்ட் என்ற ஃபீட் (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் திறன்) இனிஷியேட்டிவுக்கு 5 கூட்டுகிறது என்றால் அது எவ்வளவு பெரிய சீட்டு என்று இப்போது புரியும். அணியில் நாலு பேரும் வரிசையில் அடுத்தடுத்து வந்துவிட்டால் இன்னும் ஒரு லாபம். நால்வரையும் இஷ்டப்பட்ட வரிசையில் மாற்றி மாற்றி ஆடவிடலாம்.

ஆட்கள் யார்? அஸ்டாரியனைத் தூக்கிப் போட வேண்டாம். முகாமில் கிளாஸை மாற்றித் தரும் விதர்ஸிடம் 100 பொற்காசு கொடுத்து அவனை க்ளூம் ஸ்டாக்கர் ரேஞ்சராக ஐந்து லெவலும் ரோக்கின் ஒரு பிரிவான அஸாஸினாக மூன்று லெவலும் ஏற்றுங்கள். மறைந்திருந்து முதல் அம்பை அவன் விட்டால் எதிரிகள் திகைத்து ஒரு முறையை இழப்பார்கள். திகைத்தவர்கள் மேல் அவன் அடி க்ரிட்டிகலாக இறங்கும். பக்கத்தில் லேஸெல். ஐந்தாவது லெவலில் அவளுக்கு இரண்டு அடி, இன்னொரு தடவை ஆடவிடும் ஆக்‌ஷன் சர்ஜ் போட்டால் நாலு, வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் விழுந்தால் ஆறு. ஹேஸ்ட் போடுவதற்கென்று ஒரு சோர்ஸரர். ட்வின்ட் ஸ்பெல்லால் ஒரே மந்திரத்தை இரண்டு பேருக்குப் பங்கிடலாம். நாலாவது ஆள் மின்னலுக்கு: டெம்பெஸ்ட் கிளெரிக் இரண்டு லெவல், மீதி விஸார்ட்.

அந்த மின்னல் கணக்கை மட்டும் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். லைட்னிங் போல்ட்டுக்கு எட்டு ஆறுபக்கப் பகடை. டெம்பெஸ்ட் கிளெரிக்கின் திறமை எட்டையும் ஆறாக்கிவிடும், ஆக 48. ஒரு தண்ணீர்க் குப்பியை வீசி எதிரியை முன்பே நனைத்திருந்தால் மின்னல் இரட்டிப்பு: 96. வரிசையில் மூன்று பேர் நின்றால் மூன்று பேருக்கும். எதிரி தப்பிக்கும் பகடையில் தேறினால் பாதி, அவ்வளவுதான். ஏழாவது லெவலில், கடையில் சல்லிக்காசுக்கு வாங்கிய தண்ணீரால் இது நடக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

கடினமான டாக்டிஷியன் மோடில் இந்த அணி எனக்குப் பூப்போல ஓடியது. அந்தத் தைரியத்தில் ஹானர் மோடுக்குப் போனேன். 2023 நவம்பர் இறுதியில் ஐந்தாவது பேட்ச்சில் வந்த மோட் அது. ஒரே ஒரு சேவ் கோப்பு. தப்பு செய்தால் பின்னால் போய்த் திருத்த வழியில்லை. கூடவே ஹேஸ்ட்டின் பல்லையும் கொஞ்சம் பிடுங்கியிருந்தார்கள்: ஹேஸ்ட் தரும் கூடுதல் ஆக்‌ஷனில் ஒரே ஒரு அடிதான். ஆறு ஐந்தாகிவிட்டது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லாஸ்ட் லைட் விடுதியில் மாட்டினேன். விடுதியை நிலவொளியால் காக்கும் இஸபெல்லிடம் மாடியில் பேச வேண்டும். பேசி முடிக்கும்போதே எதிரிகளின் ஆளான மார்க்கஸ் சிறகு முளைத்த பேய்களோடு அவளைத் தூக்கிப்போக வந்துவிடுவான். சண்டை பேச்சிலிருந்து தொடங்குவதால் ஒளிந்திருந்து முதல் அம்பு விடும் வித்தை செல்லாது. என் வில்லாளி அஸ்டாரியன் எங்கேயோ கீழே நின்றிருந்தான். சோர்ஸரரை வைத்து லேஸெலுக்கும் வில்லாளிக்கும் சேர்த்து ஹேஸ்ட் போட்டேன். அடுத்த முறையிலேயே சிறகுப் பேய் ஒன்று சோர்ஸரரைக் கீறியது, மந்திரத்தைப் பிடித்துவைத்திருக்கும் கவனம், அதாவது கான்சன்ட்ரேஷன், போயிற்று. ஹேஸ்ட் கலைந்தால் சும்மா விடாது. அதை வாங்கியவர் சோர்ந்துபோய் ஒரு முறையை இழப்பார். எனக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் மரமாக நின்றார்கள். அதற்குள் இஸபெல் சாய்ந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு மார்க்கஸ் பறந்தான், விடுதியைக் காத்த நிலவொளி அணைந்தது. சற்று முன் வரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிழல் சாபத்தில் எழுந்து எங்களையே அடிக்க வந்தார்கள். உயிரோடு தப்பினோம். ஆனால் கதையில் பாதி சனம் போய்விட்டது. திருத்த சேவ் இல்லை. அந்த ஓட்டத்தை அதற்கப்புறம் தொடர மனசு வரவில்லை.

அப்போதுதான் நாலு பேரை கிளாஸ் பெயரை வைத்து எண்ணக்கூடாது என்று உறைத்தது. இரண்டு கேள்விதான் கேட்க வேண்டும். முதல் சுற்றில் எத்தனை பேர் எதிரிக்கு முன்னால் ஆடுவார்கள்? எத்தனை பேர் கையில் ஆளுக்கொரு கான்சன்ட்ரேஷன் மந்திரம் நிற்கும்? ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும் என்பது விதி. பழைய அணியில் கேலும் ஷேடோஹார்ட்டும் ஆளுக்கொன்று, ஆக இரண்டு. என் முந்தும் அணியில் ஹேஸ்ட் ஒன்றுதான் தூண். அது சாய்ந்தால் கூரையும் சாய்ந்தது.

மூன்றாவது அணி இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. வில் (Wyll) என்ற வார்லாக்கின் கையில் ஹங்கர் ஆஃப் ஹடார். ஷேடோஹார்ட் கையில், தன்னைச் சுற்றி நெருங்குபவரை அடிக்கும் ஸ்பிரிட் கார்டியன்ஸ். கேல் கையில் தரையை வழுக்கவைக்கும் ஸ்லீட் ஸ்டார்மோ ஆளை அசையவிடாத ஹோல்ட் பர்சனோ, எதிரியைப் பார்த்து. இவர்களோடு வெட்டுவதற்கு லேஸெலோ பார்பேரியன் கார்லாக்கோ ஒருத்தி. ஹங்கர் ஆஃப் ஹடார் ஒரு கரும் உருண்டை: உள்ளே இருப்பவனுக்குக் கண் தெரியாது, கால் சரியாக நகராது, முறை தொடங்கும்போது குளிரும் முடியும்போது அமிலமும் கடிக்கும். கஷ்டப்பட்டு ஒருவன் விளிம்புக்கு வந்து சேர்ந்தால், ரிப்பெல்லிங் பிளாஸ்ட் எடுத்த வில் எல்ட்ரிட்ச் பிளாஸ்ட்டால் அவனை மறுபடி உள்ளே தள்ளுவான். பார்க்கப் பாவமாகக்கூட இருக்கும். வாசல் ஒன்றே ஒன்று உள்ள அறைகளில் இதற்கு ஈடே கிடையாது. மூன்றாம் அத்தியாயத்தில் ஹவுஸ் ஆஃப் கிரீஃபில் ஷார் என்ற தேவதையின் சீடர்கள் கூட்டமாக வந்து விழும்போது, முந்தும் அணிக்கு அம்பும் ஆக்‌ஷனும் தீர்ந்துவிடும். இந்த அணிக்கு வேலையே அப்போதுதான் தொடங்கும்.

இஸபெல் சண்டைக்கும் இந்த அணியோடுதான் திரும்பப் போனேன், புது ஓட்டத்தில். எல்லோரையும் மாடியிலேயே நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். முதல் முறையில் இஸபெல் மேல் ஷேடோஹார்ட் அடிபடாமல் காக்கும் சாங்க்சுவரி மந்திரத்தைப் போட்டாள். அது போனஸ் ஆக்‌ஷன், கான்சன்ட்ரேஷனும் கேட்காது. அடுத்து ஸ்பிரிட் கார்டியன்ஸை எழுப்பி அவள் பக்கத்திலேயே நின்றாள். இஸபெல் தானாகப் போய் யாரையாவது அடித்தால் சாங்க்சுவரி கலைந்துவிடும். அந்த அம்மாள் அடக்கமாக உட்காரும் ரகமில்லை, இரண்டாம் சுற்றிலேயே போய் அடித்தாள். ஆனால் அதற்குள் பக்கத்தில் வந்த பேய்கள் பாதி வெந்துபோயிருந்தன.

கட்டும் அணிக்கும் ஓட்டை உண்டு. சண்டைகள் நீளும். சின்னச் சின்னக் காவல்காரர்களிடம்கூட ஐந்து சுற்று ஆட வேண்டியிருக்கும். பொறுமையில்லாதவர்களுக்குத் தூக்கம் வரும். பெரிய ஒற்றை எதிரி வந்தால் பாதி மந்திரம் வீண், ஹோல்ட் பர்சன் மனித வடிவினரைத் தாண்டி யார் மேலும் பிடிக்காது. நம் வீரரே கரும் உருண்டைக்குள் தவறிப்போனால் அவருக்கும் கண் தெரியாது.

ஓய்வுக் கணக்கையும் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு நீண்ட ஓய்வுக்கு 40 உணவுப் புள்ளி, டாக்டிஷியனில் 80. நடுவில் இரண்டு குட்டி ஓய்வு. வார்லாக்கின் மந்திர இடங்கள் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) குட்டி ஓய்விலேயே நிரம்பிவிடும். ஐந்தாவது லெவலில் ஒரு நாளைக்கு ஆறு ஹடார் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதே லெவல் சோர்ஸரருக்கு மூன்றாம் நிலை இடம் இரண்டு, அடுத்த நாள் காலைதான் மறுபடி. முந்தும் அணி இரண்டு சண்டைக்கு ஒருமுறை படுக்கையைத் தேடுவதற்கு இதுதான் காரணம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொறுக்கியே எனக்கு முதுகு ஒடிந்தது.

எந்த அணி என்பதே பொருட்டில்லாத சண்டைகளும் இருக்கின்றன. அடமண்டைன் உலையில் வரும் கிரிம் எரிகுழம்பில் நின்று பழுக்கக் காய்ந்தால்தான் அடி உறைக்கும். கடைசியாக அடித்தவரைத் துரத்தும் புத்தி அதற்கு. ஒருவர் அடித்து இழுத்து உலைச் சம்மட்டிக்கு நேர் கீழே கொண்டுவர, இன்னொருவர் நெம்புகோலைத் தட்டினால் போதும். நாலு ரோக்கோடு போனாலும் முடியும்.

முதல்முறை ஆடுபவருக்குப் பழைய அணியையே சொல்வேன், நாலாவது லெவல் வரை. ஐந்தில் விதர்ஸிடம் போய் அஸ்டாரியனையும் ஷேடோஹார்ட்டையும் மாற்றிவிடுங்கள். ஏமாற்று வித்தைகளுக்கான அவளுடைய ட்ரிக்கரி டொமைனைவிட (கிளெரிக்கின் பிரிவு) லைட்டோ டெம்பெஸ்டோ எவ்வளவோ மேல். டாக்டிஷியனில் அலுப்புத் தட்டியவருக்கு முந்தும் அணி. ஹானர் மோடுக்கு நான் இப்போது பாதிப் பாதி வைத்திருக்கிறேன்: அலர்ட் எடுத்த லேஸெல், கான்சன்ட்ரேஷன் உடையாமலிருக்க வார் காஸ்டர் எடுத்த ஷேடோஹார்ட், ஹடாரோடு வில். நாலாவது இடத்தில் நான். இந்தத் தடவை பாட்டுக்காரனான பார்டாகப் போகலாம் என்றிருக்கிறேன். பேச்சுக்குப் பேச்சும் ஆயிற்று, பார்டின் பாட்டால் நாளுக்கு ஒரு குட்டி ஓய்வு கூடுதலாகக் கிடைக்கும், வில்லுக்கு இன்னும் இரண்டு ஹடார்.