பிடியில்லாத பம்பு: லண்டனில் ஜான் ஸ்னோவைத் தேடிப் போகிறவர்களுக்கு

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, அதற்குக் காரணம் ஒரு தெருப் பம்பின் தண்ணீர் என்று கண்டு, பம்பின் பிடியைக் கழற்ற வைத்த மருத்துவர் ஜான் ஸ்னோ. அந்த இடத்தைப் பார்க்க, ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கிழக்கே நடந்து, போலந்து தெருவில் வலப்பக்கம் திரும்புங்கள். அது முடியும் இடம் சோஹோவின் பிராட்விக் தெரு (அன்று பிராட் தெரு). லெக்சிங்டன் தெரு முனையில் ‘ஜான் ஸ்னோ’ என்ற பப். அருகில் கைப்பிடி இல்லாத இரும்புப் பம்பு. 1854-இல் இருந்த பம்பு அல்ல, மாதிரிதான். பப் ஓரமாக நடைபாதை விளிம்பில் உள்ள சிவப்பு கிரானைட் கல்தான் அசல் பம்பு நின்ற இடத்தின் அடையாளம், அதைத் தவறவிடாதீர்கள். கட்டணம் கிடையாது.

பம்பை மட்டும் பார்த்துத் திரும்பினால், பிடியைக் கழற்றியதும் காலரா நின்றுவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் செப்டம்பர் 8-இல் பிடி கழற்றப்பட்டபோது பலர் ஊரைக் காலி செய்திருந்தார்கள், சாவும் குறைந்திருந்தது. இதை ஸ்னோவே எழுதியிருக்கிறார். இருந்தும் அந்த வேலை வீண்போகவில்லை. 40-ஆம் எண் வீட்டில் பேதி கண்ட குழந்தையின் துணிகளை அலசிய நீர், வீட்டு முன்னிருந்த மலக்குழியில் கொட்டப்பட்டது. குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி 3 அடிகூட இல்லை. செங்கல் கட்டு சிதைந்து கசிந்தது. பிடி கழற்றிய அதே நாளில் குழந்தையின் தகப்பனுக்கும் காலரா கண்டது. பம்பு ஓடியிருந்தால் கிணறு மறுபடி நஞ்சாகியிருக்கும். பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் வீடு வீடாக விசாரித்துக் கண்டுபிடித்த விவரம் இது. இதற்கு ஒரு பலகை கட்டாயம் வேண்டும்.

போலந்து தெரு வழியாக வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அங்கே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். சுற்றிலும் வீடுதோறும் சாவு, உள்ளே காலராவுக்கு இறந்தவர்கள் 5 பேர்தான். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெரு பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். காலராவில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது ஆலையின் பீர், பம்புத் தண்ணீர் அல்ல. மாறாக, தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்தார். இந்தத் தண்ணீரின் ருசிக்காகத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், ஸ்னோ தண்ணீரைக் கைகாட்டியதற்கு வலுவான ஆதாரம் இந்த விதிவிலக்குகள்தான்.

நேரம் இருந்தால் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்துக்கும் போகலாம். 1858-இல், 45 வயதில் இறந்த ஸ்னோ அங்கேதான் அடக்கம்.