கதைப்பாடல் பழம்பதிப்புகளுக்குத் திருகோணமலையில் ஓர் அலுமாரி

திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள இந்தப் பழைய புத்தகக் கடை, பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் விற்றே பிழைக்கிறது. கதைப்பாடல் நூல்கள் உள்ளறையிலுள்ள ஒரே ஓர் அலுமாரியில்தான் இருக்கின்றன. முதற்பதிப்புத் தேடுவோர் அதற்காகவே போகலாம்.

அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்கு ராஜன் கதை முதலான சென்னைப் ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளே, அதாவது பெரிய அச்செழுத்தில் வந்த கதைப்பாடல் நூல்களே, அங்கு அதிகம். இவை திரும்பத் திரும்ப அச்சானவை. ஆண்டு குறிக்கப்படாத பிரதிகளும் பல என்பதால், கடைக்காரர் முதலில் விலையைத்தான் பார்க்கிறார். விலை அணாவில் இருந்தால், இந்தியா 1957இல் தசம நாணயத்துக்கு மாறுவதற்கு முந்திய அச்சு என்று பெரும்பாலும் கொள்ளலாம். “பழசுதான் தம்பி, ஆனா முதற்பதிப்பு எண்டு நான் சொல்லமாட்டன்” என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிடுவதே இக்கடையின் பெரும் பலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரூபாய், சதத்துக்கு வந்துவிட்ட இலங்கையின் நூல்களுக்கு இந்த உபாயம் பயன்படாது. அங்கே பதிப்பு விபரப் பக்கமே சாட்சி.

நான் வாங்கியது வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’. வைகாசியில் கிழக்கிலங்கைக் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் காவியம் என்பதால், விளக்கெண்ணெயும் மஞ்சளும் படாத பிரதி அகப்படுவது அரிது. அந்தக் கறைகளுக்காக விலையைக் குறைக்கிறார்கள். எனக்கோ அவை குறையாகவே படவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கிழிந்த நூல்களைக் கட்டக் கொடுக்கும்போது மேலட்டையைக் கழித்து, ஓரங்களையும் வெட்டிவிடுகிறார்கள். சேகரிப்பாளருக்கு அது பாதி நூலை இழந்ததற்குச் சமம். உப்புக் காற்றில் கம்பித் தைப்புகள் துருவேறியிருக்க, மேலே பொலித்தீன் உறை வேறு போட்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கிறார்கள். ஆகவே உறையைக் கழற்றி, தைப்பையும் முதல் நான்கு பக்கங்களையும் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வாசிப்பு மட்டுமே நோக்கமென்றால் இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. ‘நூலகம்’ (noolaham.org) என்னும் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

வழக்குரை தேடுவோர் வைகாசிக்கு முன்னர் போகாதிருப்பது நல்லது. அந்நாட்களில் கோயில்காரரே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.