டோரிக், அயோனிக், கொரிந்தியன்: மூலைத் தூணில் தெரியும் வித்தியாசம்

கிரேக்கக் கோயில் தூண்களைத் தலையை வைத்தே இனம் பிரித்துவிடலாம். வட்டத் திண்டும் அதன்மேல் சதுரப் பலகையும் மட்டும் இருந்தால் டோரிக், சுருள் இருந்தால் அயோனிக், இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன். ஆனால் எந்தப் பாணி எங்கே திணறுகிறது என்பதை மூலைத் தூண்தான் காட்டிக்கொடுக்கும்.

டோரிக் தூணுக்கு அடிப்பீடம் கிடையாது, மேடைமேல் நேராக நிற்கும். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில் (கி.மு. 447–432) உயரம் 10.4 மீட்டர், அடிவிட்டம் 1.9 மீட்டர். உடலில் மேலிருந்து கீழாக ஓடும் 20 பள்ளங்கள். பள்ளங்கள் சந்திக்கும் விளிம்பு கூர்மையானது, கல்லை ஏற்றும்போது எளிதில் சில்லு பெயரும். அதனால் தூணை நிறுத்திய பிறகே பள்ளம் வெட்டினார்கள். வேலை பாதியில் நின்ற சிசிலியின் செஜெஸ்டா கோயிலில் தூண்கள் இன்றும் பள்ளமில்லாமல் நிற்கின்றன.

சிக்கல் உத்தரத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே முக்கோடு செதுக்கிய ட்ரைக்லிஃப் கட்டைகள் வரிசையாக வரும். ஒவ்வொரு தூணின் நடுவுக்கு நேராகவும் ஒன்று இருக்க வேண்டும். கட்டடத்தின் மூலையிலும் ஒன்று முடிய வேண்டும். உத்தரத்தின் கனம் அந்தக் கட்டையின் அகலத்தைவிட அதிகம் என்பதால், மூலையில் இரண்டு விதியும் ஒன்றாகப் பொருந்தாது. பார்த்தெனானில் மூலைத் தூணை உள்ளே இழுத்தார்கள்: மற்ற இடங்களில் மையத்துக்கு மையம் சுமார் 4.3 மீட்டர், மூலையில் சுமார் 3.7 மீட்டர். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மூலைத் தூண் மெலிந்து தெரியும் என்று அதைச் சற்றுப் பருமனாக்கவும் செய்தார்கள். இவ்வளவு கணக்குப் போட வைப்பதால்தான் டோரிக்கை எளிய பாணி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அயோனிக் ஒல்லி, அடிப்பீடம் உண்டு, பள்ளங்கள் பொதுவாக 24, இடையே தட்டையான பட்டை விடுவதால் விளிம்பு அவ்வளவாக உடையாது. ட்ரைக்லிஃப் தொல்லையும் இல்லை. ஆனால் தலைக்கு முகம் இரண்டுதான். பக்கவாட்டில் பார்த்தால் சுருட்டிய பாய்போல இருக்கும். மூலையில் இரண்டு பக்கமும் முகம் காட்ட வேண்டும். ஏதென்ஸின் எரெக்தியான் கோயிலில் வெளிமூலைச் சுருளை 45 பாகை சாய்த்து வளைத்திருக்கிறார்கள். அதே தலையின் உள்மூலையில் இரண்டு சுருள்கள் இடமில்லாமல் முட்டிக்கொள்வதைக் கீழே நின்று பார்க்கலாம்.

கொரிந்தியன் தலை நான்கு பக்கமும் ஒன்றே என்பதால் மூலைச் சிக்கலே எழாது. அதற்குக் கொடுக்கும் விலை, செதுக்கு வேலை. அகாந்தஸ் என்ற செடியின் இலைபோல் செதுக்கிய நுனிகள் மெல்லியவை, முதலில் உடைவதும் அவைதான். தெரிந்தவரை கிரேக்கத்தின் பஸ்ஸாயில் அப்பல்லோ கோயிலுக்குள் ஒற்றைத் தூணாகத் தொடங்கிய இந்தப் பாணிக்குத் தனி உத்தர அமைப்பு கிடையாது, பெரும்பாலும் அயோனிக்கினுடையதே. தலை போன தூண் அயோனிக்கா கொரிந்தியனா என்று மேலுள்ள உத்தர அமைப்பை வைத்து இனம் காண்பது அதனால்தான் கடினம்.