சிங்கப்பூர் – நியூயார்க்: நேர்ப்பயணமா, பிராங்க்பர்ட் வழியா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தொலைவு ஏ350 விமானம் எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கு மேல் பறந்து இதைக் கடக்கிறது. பிராங்க்பர்ட்டில் இறங்கிச் செல்லும் பாதை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரே கூடுதல் என்றாலும், பயணம் 24 மணி நேரத்தை நெருங்குகிறது. காத்திருப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று: நேர்விமானம் பசிபிக் பெருங்கடலின் மீது கிழக்கு நோக்கிச் செல்கையில், மேற்கிலிருந்து வீசும் உயர்மட்டக் காற்று அதைப் பின்னிருந்து உந்துகிறது, ஐரோப்பா வழியாகச் செல்லும் விமானமோ பெரும்பாலும் அதே காற்றை எதிர்த்தே பறக்கிறது.

நேரமே முக்கியமெனில் நேர்விமானத்தையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதில் எகானமி வகுப்பு இல்லை. மலிவான இருக்கை வேண்டுவோருக்குப் பிராங்க்பர்ட் வழியே பொருத்தமானது.