கேபிளா, ஃபைபரில் ஓடிடியா? மதுரை வீட்டுக்கு எது?

2024-ல் இந்தியாவில் டிஜிட்டல் ஊடக வருமானம் முதன்முறையாகத் தொலைக்காட்சியை முந்தியது என்கிறது ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்பும் இஒய் என்ற ஆலோசனை நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை. அதற்காகக் கேபிளை அவசரப்பட்டுத் துண்டிக்க வேண்டாம்.

செலவு
கேபிள்: மாத வாடகை ஒன்றுதான்.
ஓடிடி (இணையம் வழியாகப் பார்ப்பது): ஃபைபர் பிராட்பேண்டுக்கு ஒரு பில், பெரும்பாலும் ஓடிடி சந்தா தனி. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். எச்டி-யில் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினசரி 2 ஜிபி பேக் இடைவேளைக்குள் தீர்ந்துவிடும்.

பழுது
கேபிள்: படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் ஸ்பிளிட்டரைப் பாருங்கள். ஒரு வயரை இரண்டு டிவிக்குப் பிரித்தாலே 3.5 முதல் 4 டெசிபல், அதாவது பாதிக்கும் மேல், சிக்னல் போய்விடும். மொட்டை மாடியில் மழை பட்டுப் பச்சை பூத்த கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.
ஃபைபர்: மோடம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை; ஜன்னல் ஓரம் வயர் மடங்கியிருக்கலாம். மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டத் திணறும். டிவிக்கு லேன் வயரே இழுத்துவிடுங்கள்.

மின்தடை
கேபிள்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், சிக்னலைப் பெருக்கும் தெரு ஆம்பிளிஃபயர் அணைந்தால் படம் இல்லை.
ஃபைபர்: ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கம்பத்து ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும்.

நேரலை
கேபிள் முந்தும். ஓடிடி அரை நிமிடம்கூடப் பிந்தும். பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் உங்கள் டிவியில் விக்கெட் விழும்.

சீரியலும் மீனாட்சி திருக்கல்யாண நேரலையும் பார்க்கும் பெரியவர்கள் வீட்டுக்குக் கேபிள்தான் சரி. ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் போதும். படிக்கிற பிள்ளைகளும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் இருந்தால் ஃபைபர் எடுங்கள். ஓடிடி சந்தாவை மட்டும் மொத்தமாக ஆண்டுக்குப் போடாமல் மாதாமாதம் போடுங்கள்.