நரியா, பரியா? இரண்டு சூடான வியாழன்களை அருகருகே வைத்துப் பார்த்தால்

கண்ணாடி மழை பெய்யும் நீலக் கோள் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வரும். படம் ஓவியர் வரைந்தது, கோள் மட்டும் உண்மை. குறுநரி என்ற விண்மீன் குழுவில், எச்.டி. 189733 என்ற விண்மீனை ஒட்டிக்கொண்டு சுற்றும் கோள் அது. புறக்கோள்களில், அதாவது சூரியனை அல்லாமல் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில், அதற்குத்தான் ரசிகர்கள் அதிகம். என் மனதுக்கு நெருக்கமானது வேறொன்று: பெகாசஸ் என்ற பறக்கும் குதிரைக் குழுவில் உள்ள எச்.டி. 209458-இன் கோள். எண்கள் யாருக்கும் நினைவில் நிற்காது. ஆகவே ஒன்றை நரி என்றும் மற்றதைப் பரி என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டுமே சூடான வியாழன்கள். அதாவது வியாழன் போன்ற ராட்சத வாயுக் கோள், ஆனால் சில நாட்களிலேயே ஒரு சுற்றை முடித்துவிடும் அளவுக்கு விண்மீனுக்குப் பக்கத்தில் இருப்பது. இந்த வகையில் முதலாவதை 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கண்டுபிடித்தார்கள், 2019-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த 51 பெகாசி பி நமக்கும் தன் விண்மீனுக்கும் நடுவே கடந்து போவதில்லை. நரியும் பரியும் கடக்கின்றன. அந்த ஒரு காரணத்தால்தான் இவை இரண்டையும் இத்தனை ஆண்டுகளாகத் தோண்டித் துருவ முடிகிறது.

முதலில் அளவுகள். பரி சுமார் 159 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அது தன் விண்மீனிலிருந்து ஏறத்தாழ 70 லட்சம் கிலோமீட்டரில் 3.52 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நம் புதன்கூட சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. நரி இன்னும் கிட்டத்தில், சுமார் 65 ஒளியாண்டில். அதற்கு ஓர் ஆண்டு என்பது 2.22 நாள்தான். பரியைவிட நரிக் கோள் தன் விண்மீனுக்கு அருகில் இருந்தாலும் வெப்பம் குறைவு. பரியில் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ், நரியில் 900-ஐ ஒட்டி. நரியின் விண்மீன் சூரியனைவிடச் சிறியது, குளிர்ந்தது, ஆரஞ்சு நிறம். பரியினுடையது சூரியனைவிடக் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் சூடானது.

எடையும் பருமனும்தான் சுவையான இடம். நரிக் கோள் எடையிலும் அகலத்திலும் வியாழனைவிடச் சற்றே கூடுதல், அதில் புதிர் ஒன்றும் பெரிதாக இல்லை. பரிக் கோளின் எடை வியாழனில் 0.7 பங்குதான், அகலமோ வியாழனைப் போல 1.38 மடங்கு. அடர்த்தி தண்ணீரின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. பூரி மாதிரி உப்பியிருக்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஏன் இவ்வளவு உப்பியது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்று இன்னும் இல்லை.

சரி, எதை ஆராய்வது சுலபம்? கோள் குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். நூறு ரூபாய் வெளிச்சத்தில் பரிக் கோள் ஒன்றரை ரூபாயை மறைக்கிறது, நரிக் கோள் சுமார் இரண்டு ரூபாய் நாற்பது காசை. விண்மீன்களின் பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றேதான். எனவே காகிதக் கணக்கில் நரிக்கே வெற்றி.

ஆனால் அந்த நூறு ரூபாய் நிலையாக இருந்தால்தானே கணக்கு சரியாக வரும்? நரியின் விண்மீனில் கரும்புள்ளிகள் நிறைய. அது சுமார் 12 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும்போது புள்ளிகள் வந்து போய், கோள் இல்லாமலே வெளிச்சம் ஓரிரு சதவீதம் ஏறி இறங்குகிறது. கோள் மறைக்கும் அளவுக்கு விண்மீன் தானாகவே தடுமாறுகிறது. பரியின் விண்மீன் சாது. என் தேர்வு இங்கேதான் முடிவாகிறது: கோளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் விண்மீனின் ஒளி வழியாக வந்தவை. விண்மீன் அமைதியாக இருக்கும் அளவுக்குத்தான் கோளைப் பற்றிய சேதியை நம்ப முடியும்.

கண்ணாடி மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். நரிக் கோள் குறுக்கே வரும்போது, நீல ஒளியில் அது கொஞ்சம் பெரிதாகவும் சிவப்பில் சிறிதாகவும் தெரிகிறது. காற்றுமண்டலத்தில் மெல்லிய தூசிப் புகை இருந்தால் அப்படித் தெரியும். அந்தத் தூசி சிலிக்கேட் என்ற கண்ணாடி வகைத் துகளாக இருக்கலாம் என்று 2008-இல் ஒரு கருத்து வந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 8,700 கிலோமீட்டர் என்று 2015-இல் அளந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் பக்கவாட்டில் அடிக்கும் கண்ணாடி மழை! ஆனால் விண்மீனில் கோள் மறைக்காத இடங்களில் புள்ளிகள் இருந்தாலும் அதே நீலச் சாய்வு தோன்றும் என்று 2014-இல் வேறொரு குழு காட்டியது. ஆக, காற்று அளந்தது, மழை ஊகம். படத்தைப் பகிர்பவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

நீல நிறத்துக்குத் தனியாக ஓர் ஆதாரம் இருக்கிறது. 2013-இல் வெளியான, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடு அது. கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் ஒளிந்தபோது நீல ஒளி மட்டும் துளி குறைந்தது, பச்சையில் அந்தக் குறைவு தெரியவில்லை. பின்னால் போனபோது காணாமல் போன நீலம், கோள் பிரதிபலித்த நீலம்தான்.

பரி மட்டும் நம்மை ஏமாற்றியதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு புறக்கோளின் காற்றுமண்டலத்தில் முதன்முதலாகக் கண்ட பொருள் சோடியம். 2001-இல் ஹப்பிள் வழியாகப் பரியில் கண்டதாக அறிவித்தார்கள், பாடப்புத்தகங்களிலும் ஏறியது. 2020-இல் தரையிலிருந்து மிக நுட்பமாக அளந்த ஒரு குழு, விண்மீனின் சுழற்சியும் அதன் விளிம்பு நடுப்பகுதியைவிட வேறுமாதிரி ஒளிர்வதுமே அந்தச் சோடியத் தடயத்தை உண்டாக்கப் போதும் என்று காட்டியது. சாதுவான விண்மீனே இப்படிச் செய்தால் புள்ளி நிறைந்த விண்மீனைப் பற்றி என்ன சொல்வது?

நரியில் 2008-இல் மீத்தேன் கண்டதாக வந்த அறிவிப்பும் நிலைக்கவில்லை. 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது மீத்தேன் தென்படவில்லை. கிடைத்தது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான வாயு. வெப் அகச்சிவப்பில் பார்ப்பதால் புள்ளிகளின் தொல்லை குறைவு. இனி வரும் ஆண்டுகளில் நரி என் வாதத்தை உடைத்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். அகச்சிவப்பில் அது ஏற்கெனவே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது: ஸ்பிட்சர் தொலைநோக்கி 33 மணி நேரம் தொடர்ந்து கவனித்து, 2007-இல் ஒரு புறக்கோளின் முதல் வெப்ப வரைபடம் வந்தது நரிக்குத்தான். மிகச் சூடான இடம் விண்மீனுக்கு நேர் எதிரே இல்லை, கிழக்கே தள்ளியிருந்தது. காற்று வெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது.

பரியின் பெருமை வேறு. ஒரு புறக்கோள் விண்மீனைக் கடப்பதை மனிதர்கள் கண்டறிந்தது முதலில் இதில்தான். 1999 செப்டம்பரில், கொலராடோவின் போல்டரில், வெறும் 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு டேவிட் ஷார்போனோவும் டிமோதி பிரவுனும் இரண்டு கடப்புகளைப் பதிவு செய்தார்கள். ஷார்போனோ அப்போது ஆராய்ச்சி மாணவர். அதே ஆண்டு நவம்பரில் கிரெகரி ஹென்றியின் குழு அரிசோனாவில் தனியாக ஒரு கடப்பின் தொடக்கத்தைப் பிடித்தது. 2003-இல், புற ஊதா ஒளியில் பார்த்தபோது, கோள் மறைக்கும் அந்த ஒன்றரை சதவீதம் பதினைந்தாக விரிந்தது. கோளைச் சுற்றி ஹைட்ரஜன் ஒரு பெரிய மேகமாகக் கசிந்துகொண்டிருக்கிறது, நொடிக்குக் குறைந்தது 10,000 டன் என்று கணக்கிட்டார்கள். அப்படியும் கோள் கரைந்துவிடாது, அவ்வளவு பெரியது.

அப்புறம், நம் கூரையிலிருந்து பார்க்க எது தோது? இங்கே நான் நரி பக்கம் சாய்கிறேன். இரண்டுமே நம் ஊர் வானில் கிட்டத்தட்ட உச்சிக்கு வரும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலருக்குத் தெரியும். நரி திருவோணத்துக்கு வடக்கே, கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றரைக் கைப்பிடி தள்ளி, டம்பெல் நெபுலா என்ற வாயு மேகத்தை ஒட்டி இருக்கிறது. பரி, பூரட்டாதிக்கு மேற்கே. பரியின் கடப்பு 3 மணி நேரம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்தால் இரவு போய்விடும். நரிக்கு 1.8 மணி நேரம்தான், ஒளிக் குறைவும் ஆழமானது, வாய்ப்புகளும் அதிகம். ஒரு சிறிய தொலைநோக்கி, கேமரா, பக்கத்தில் ஒப்பிட ஒரு விண்மீன், இவை போதும். ஐப்பசி அடைமழையில் இரண்டும் கைக்கு எட்டாது. சித்திரை, வைகாசி விடியலில் நான்கு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் நரி உயரத்தில் நிற்கும், பரி அதன் பின்னால் கிழக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.